காதுகுத்துக்குப் போன டிரெய்லர்

எங்கள் பக்கத்தில் எதைச் செய்யக் கொடுத்தாலும் கடைசியில் அது லாரியாகிப் போகும். நாமக்கல்லைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு இது பொது விதி. கட்டில் செய்யக் கொடுத்தால் நான்கு மூலைக்கும் இரும்புப் பட்டை அடித்து, "அஞ்சு பேர் ஏறுனாலும் அசையாதுங்க" என்று கொண்டுவந்து இறக்குவார்கள். (கட்டிலில் ஐந்து பேர் எதற்கு ஏறப்போகிறோம் என்று யாரும் கேட்பதில்லை.) என் சித்தப்பா வீட்டு இரும்புக் கேட்டில் இன்றைக்கும் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதியிருக்கிறது. விருந்தாளிகளும் மரியாதையாக ஒரு இருமல் இருமிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். இந்த விதியை நான் கொஞ்சம் முன்னாலேயே தெரிந்துகொண்டிருந்தால், என் அக்காவின் மாமியாருக்கும் ஒரு டிராக்டர் நிறைய சொந்தக்காரர்களுக்கும் நடுவில் அன்றைக்கு அப்படி உட்கார்ந்திருக்க மாட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். நாமகிரிப்பேட்டையில் நான் பம்புசெட் மோட்டார் கடை வைத்திருந்தேன். மோட்டார் விற்பதால் மோட்டாரைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். வாங்கிப் போனவர்களுக்கு அந்த நம்பிக்கை இல்லை. கல்யாணம் ஆகவில்லை. பழைய ஜீப் ஒன்று இருந்தது. அதை ஓட்டிக்கொண்டு கடைவீதியில் போகும்போது என் முகத்தில் ஒரு மிதப்பு இருக்கும் என்று அப்பா இன்றைக்கும் செய்து காட்டுவார்.

அந்தச் சமயத்தில்தான் கோயமுத்தூரில் ஒரு விவசாயக் கண்காட்சிக்குப் போனேன். எல்லோரும் சொட்டுநீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் ஒரு மூலையில் சின்ன டிரெய்லர் ஒன்றைப் பார்த்துவிட்டேன். ஜீப்புக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும் இரண்டு சக்கர வண்டி. சல்லிசான விலை. ஏன் சல்லிசு என்றால் அதைத் துண்டு துண்டாகத்தான் தருவார்கள், நாமே வீட்டில் பூட்டிக்கொள்ள வேண்டும். "சின்னப் பசங்ககூட அரை மணி நேரத்துல பூட்டிருவாங்க சார்" என்றான் விற்றவன். என்னைப் பார்த்து அவன் ஏன் சின்னப் பையன்களை நினைத்துக்கொண்டான் என்று நான் யோசிக்கவில்லை.

எனக்கு ஒரு கனவு இருந்தது. குலதெய்வம் கோயில், கொல்லிமலை, மேட்டூர் என்று எங்கள் குடும்பம் வெளியே கிளம்பினால் சும்மா கிளம்பாது. போகிற இடத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்தால்தான் போன மாதிரி. அண்டா, குண்டா, இரும்பு அடுப்பு, தார்ப்பாய், ஜமக்காளம், பெட்ரோமாக்ஸ் விளக்கு எல்லாம் ஆள் ஆளுக்கு மடியிலும் காலடியிலுமாக வரும். ஒருமுறை கொல்லிமலை வளைவுகளில் மேலே போய்ச் சேரும்வரை என் தலை ஒரு தவலைக்குள் இருந்தது. இதையெல்லாம் அததற்கென்று அறை வைத்து, கரண்டிக்குக் கொக்கி, தட்டுக்கு இழுப்பறை, தண்ணீருக்குக் குழாய் வைத்த தொட்டி என்று ஒரு வண்டியில் அடுக்கிவிட்டால் எப்படி இருக்கும். டிரெய்லரைச் சாக்குகளில் கட்டிக்கொண்டு ஊர் வந்தேன்.

வந்த வாரமே அக்கா வீட்டில் விசேஷச் செய்தி. அக்காவை ஓமலூருக்கு மேற்கே கட்டிக்கொடுத்திருந்தோம். அவளுடைய பெண் குழந்தைக்கு ஒரு வயது. மொட்டை பழனியில் ஆகிவிட்டது. காதுகுத்து மட்டும் அவர்களுடைய குலதெய்வம் கோயிலில் வைத்து நடக்க வேண்டும். எங்கள் வழக்கத்தில் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். குழந்தைக்கு இருந்தது ஒரே தாய்மாமன். நான்தான்.

பேசி முடிவு செய்யப் போயிருந்தோம். அக்காவின் மாமியார் என்னைப் பார்த்து, "பாத்தரமெல்லாம் வாடகைக்குச் சொல்லிப்போடலாமுங்களா தம்பி?" என்று கேட்டார்.

"எதுக்குங்க அத்தை வாடகைக்கு? அண்டாவுல இருந்து தார்ப்பாய் வரைக்கும் நான் கொண்டாந்துர்றேன்."

"அத்தனையும் எதுலீங்க கொண்டாருவீங்க?"

"நம்ம டிரெய்லர்லீங்க."

அப்பா மோரை வாயிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அக்கா என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"டேய், நெசமாலுமே டிரெய்லர் வெச்சிருக்கிறயா?"

"இருக்குது. சாக்குல இருக்குது."

"என்றா சொல்ற?"

"பூட்டோணும். அரை மணி நேர வேலை."

அக்கா சமையலறைக் கதவைச் சாத்தினாள். அப்புறம் தாழ்ந்த குரலில் சொன்னாள். "இங்க பாரு. ரெண்டு வருசமா இந்த ஊட்டுல என்ற பொறந்த ஊட்டைப் பத்தி யாரும் ஒரு சொல் சொல்லாம நான் ஓட்டிட்டு இருக்கறேன். அண்டா வல்லீன்னாக்கூட போச்சாது, எப்படியோ சமாளிச்சுக்கலாம். நல்ல நேரத்துக்குத் தாய்மாமன் மடி வந்துரோணும். அது ஒண்ணுதான் நான் கேக்கறது."

"வந்துருவனக்கா" என்றேன். அவள் சொன்னதில் அண்டா மட்டும்தான் என் காதில் விழுந்திருந்தது.

வீட்டு வாசலில் சாக்கைக் கொட்டினேன். அரை மணி நேர வேலை நான்கு நாள் நடந்தது. முதல் தடவை பூட்டியபோது ஜீப்பில் மாட்டும் கொக்கி வானத்தைப் பார்த்தது. கொக்கியைச் சரி செய்தபோது அச்சு தலைகீழாகப் போயிருந்தது. அச்சைத் திருப்பியதும் கொக்கி மறுபடி வானத்தைப் பார்த்தது. எதைத் திருப்பினால் எது திரும்புகிறது என்றே எனக்குப் பிடிபடவில்லை. (பின்னால் நடக்கப்போவதற்கு அது ஒரு முன்னோட்டம் என்றும் பிடிபடவில்லை.) அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். அவருக்கு அந்த நான்கு நாளும் பொழுது நன்றாகப் போனது.

ஒருவழியாக வெறும் சட்டமும் சக்கரமுமாக நின்றது. மேலே பெட்டி கட்ட வேண்டும். அறைகளும் கொக்கிகளும் வைக்க வேண்டும். அதற்கு நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைக்குக் கொண்டு போனேன். பட்டறைக்காரர் பெயர் குப்பண்ணன். இருபது வருடமாக லாரி தவிர வேறொன்றைக் கையால் தொட்டதில்லை. டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சக்கரத்தைக் காலால் ஒரு எத்து எத்திப் பார்த்தார்.

"எத்தன டன் ஏத்துவீங்க தம்பி?"

"டன்னெல்லாம் இல்லீங்க. அண்டா குண்டாதான்."

"அண்டா எத்தன டன்னுங்க?"

நாங்கள் அண்டாவை எடை போட்டு வாங்கியதில்லை. "ரெண்டு பேர் தூக்கலாமுங்க" என்றேன். அவர் மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டு, "அப்ப அஞ்சு டன்னுக்குக் கட்டிர்றனுங்க, பத்தாமப் போயிரக்கூடாது பாருங்க" என்றார். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான் வரைந்து போயிருந்த படத்தைக் கொடுத்தேன். அதை அவர் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். அவர் பிடித்திருந்த மாதிரிதான் நன்றாக இருந்தது.

ஒவ்வொரு முறை போகும்போதும் டிரெய்லர் வளர்ந்திருந்தது. மெல்லிய தகடு என்று நான் சொன்ன இடத்தில் வேங்கைப் பலகை வந்திருந்தது. "தகடு நெளிஞ்சு போயிருமுங்க." சரிங்க. பலகையைப் பிடிக்க மூலைக்கு மூலை பட்டை. சரிங்க. பலகையைத் தாங்க லாரிக்கு அடியில் வைக்கும் பட்டாச் சுருள், அதாவது ஸ்பிரிங், வைத்து உயரத்தைக் கூட்டியிருந்தார். அதற்கும் சரிங்க. இரண்டு அண்டாவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க அகலம் போதவில்லை என்று இருபுறமும் பக்கத்துக்கொரு முழம் வெளியே இழுத்துவிட்டிருந்தார். "அகலம் இருந்தாத்தானுங்க ஒரு அந்தஸ்து" என்றார். அதற்கும் சரி என்றுதான் சொன்னேன். எனக்கு எல்லாமே குழப்பமாக இருந்தது. ஆனால் அவர் பேசப் பேச, குழப்பம் என்னிடம்தான் இருக்கிறது, டிரெய்லரில் இல்லை என்று தோன்றியது.

எடுக்கப் போன நாளில் வர்ணம் பூசி முடித்திருந்தார்கள். இரண்டு பக்கமும் தாமரை. முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கின. பின்கதவை லாரி மாதிரியே சங்கிலி போட்டுக் கீழே சாய்த்து மட்டமாக நிறுத்தலாம். அந்தக் கதவில் 'ஒலி எழுப்பவும்', அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் 'நாம் இருவர் நமக்கு இருவர்'.

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலீங்க" என்றேன்.

"ஆனதுக்கப்புறம் எழுதறதுக்கு மறுக்கா வரோணுமா பாருங்க" என்றார் குப்பண்ணன்.

வெறும் வண்டியை ஆறு பேர் தள்ளித்தான் பட்டறைக்கு வெளியே கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா அதைச் சுற்றி நடந்தார். நடந்து முடிக்க நேரமாயிற்று. "இது எதுக்குடா சாமி?" என்றார்.

"சமையல் சாமான் கொண்டுபோறதுக்குங்கப்பா."

"சமையல் எங்க, தில்லியிலயா?" இன்னொரு சுற்று வந்தார். "நல்லா காத்தோட்டமா இருக்குது. கோழி அடைக்கலாம்." அதோடு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு காதுகுத்துக்கு முதல் நாளே பஸ்ஸில் போய்விடுவதாகவும் சொல்லிவிட்டார்.

காதுகுத்து வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் குத்தியாக வேண்டும். விடியும் முன்னே கிளம்பினேன். பெரிய அண்டா இரண்டும் கதவோரமாகப் பின்னால் நின்றன. இழுப்பறைகளில் கரண்டி, சாரணிக் கரண்டி, தட்டுகள். தொட்டியில் தண்ணீர். முன்னால் பூட்டுப் போட்ட தனி அறையில் தாய்மாமன் சீர்: பட்டுப்பாவாடை, பழங்கள், பாப்பாவுக்குத் தோடு. எல்லாம் அததன் இடத்தில் இருந்ததைப் பார்க்க எனக்கே கண் கலங்கியது.

ஜீப்புக்குக் கலங்கியது வேறு இடத்தில். சேலம் போய்ச் சேர்வதற்குள் அது முனக ஆரம்பித்துவிட்டது. சைக்கிள்காரர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். தாண்டும்போது பின்கதவைப் படித்துவிட்டு, முன்னால் வந்ததும் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்கள். தாரமங்கலம் ரோட்டில் டீ குடிக்க நிறுத்தினேன். டீக்கடைக்காரர் டிரெய்லரைப் பார்த்து, "எலெக்சனுங்களா?" என்று கேட்டார்.

டீ குடித்துவிட்டு ஜீப்பைப் பின்னால் எடுத்தபோதுதான் என் வாழ்க்கையின் பெரிய உண்மை ஒன்று தெரிந்தது. டிரெய்லர் பின்னால் போகாது. போகும், ஆனால் நான் சொன்ன பக்கம் போகாது. ஸ்டீயரிங்கை வலது பக்கம் திருப்பினால் ஜீப்பின் பின்பக்கம் வலதுக்குப் போகிறது, டிரெய்லரின் பின்பக்கம் இடதுக்குப் போகிறது. சரி, அப்படியானால் இடது பக்கம் திருப்புவோம் என்று திருப்பினால், அதற்குள் டிரெய்லர் மனசு மாறி டீக்கடைப் பந்தலை நோக்கிப் போகிறது. வீட்டிலும் பட்டறையிலும் ஆள் வைத்துக் கையால் தள்ளியே பழகியதால் இது எனக்குத் தோன்றவே இல்லை. பந்தலைக் காப்பாற்ற முன்னால் எடுத்தேன், ஒரு கிராமத்தையே சுற்றிக்கொண்டு மறுபடி ரோட்டுக்கு வந்தேன். இனிமேல் வாழ்க்கையில் முன்னால் மட்டுமே போவது என்று முடிவு செய்துகொண்டேன். அந்தச் சுற்றலில் நேரம் போய்விட்டது.

கோயில் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. வண்டித்தடம் ஊரைச் சுற்றிக்கொண்டு போகும். குறுக்கே ஒரு இட்டேரி உண்டு, இருபுறமும் கல் நட்டுக் கிளுவை முள்வேலி போட்ட ஒடுக்கமான தடம். தடம் பிரியும் இடத்தில் ஒரு ஆள் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இட்டேரியில ஜீப்பு போவுமுங்களா?"

"ஜீப்பு நல்லாப் போவுமுங்களே" என்றார் அவர். அவர் ஜீப்பைத்தான் பார்த்தார். நானும் ஜீப்பைத்தான் கேட்டிருந்தேன்.

பாதி தூரம் நன்றாகத்தான் போனது. அப்புறம் வேலி இரண்டு பக்கமும் நெருங்கியது. ஜீப் நுழைந்துவிட்டது. பின்னால் 'நறநற'வென்று ஒரு சத்தம், நான் ஸ்டீயரிங்கில் முட்டிக்கொண்டு நின்றேன். குப்பண்ணன் அந்தஸ்துக்காக இழுத்துவிட்ட இரண்டு முழமும் வேலிக்கால் கற்களுக்கு நடுவில் போய் இறுகிக்கொண்டன.

திரும்பிப் பார்த்தால் பின்னாலேயே ஒரு டிராக்டர். அக்கா வீட்டுப் பங்காளிகள் முழுக்க அதில் இருந்தார்கள். ஜீப்பே போகிறதே, நாமும் போகலாம் என்று என்னை நம்பி உள்ளே வந்திருக்கிறார்கள். காது குத்தும் ஆசாரியும் அதில்தான் இருந்தார்.

"ரிவர்ஸ் எடுங்க மாப்பள" என்றது டிராக்டர்.

இரண்டு பக்கமும் முள் என்பதால் யாரும் பக்கவாட்டில் வர முடியாது. அதனால் டிராக்டரில் நின்றபடியே எல்லோரும் எனக்கு வழி சொன்னார்கள். அதில் பாதிப்பேர் லாரி வைத்திருக்கிறவர்கள், மீதிப்பேர் லாரி ஓட்டுகிறவர்கள்.

"அக்கட்டால ஒடிங்க."

"அக்கட்டால இல்லீங்க, இக்கட்டால."

"இக்கட்டால ஒடிச்சு அக்கட்டால நிமுத்துங்க."

"யாருக்கு அக்கட்ட, அவருக்கா நமக்கா?"

"நான் அஸ்ஸாம் வரைக்கும் ஓட்டுனவன் சொல்றேன், நேரா வாங்க."

அவர் சொன்ன நேரா எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. நான் எல்லோருக்கும் மரியாதை கொடுத்து எல்லாப் பக்கமும் ஒடித்தேன். கடைசியில் ஜீப் ஒரு பக்கம் பார்க்க, டிரெய்லர் இன்னொரு பக்கம் பார்க்க, சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி குறுக்காக நின்றுவிட்டோம். இறுக்கம் இன்னும் கூடியிருந்தது. இப்போது அது முன்னாலும் வராது, பின்னாலும் போகாது.

சத்தம் கேட்டுக் கோயில் பக்கத்திலிருந்து மாமா ஓடி வந்தார். மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர், பாப்பாவின் அப்பா. நல்ல கனமான ஆள். கொக்கியைக் கழற்றி ஜீப்பை முன்னால் விட்டுவிட்டு, டிரெய்லரை டிராக்டரில் கட்டிப் பின்னால் இழுக்கலாம் என்றார். கழற்றினோம். கழற்றியதும் டிரெய்லரின் முன்பக்கம் மெல்ல மேலே எழுந்தது. பெரிய அண்டா இரண்டையும் பின்னால் நிறுத்தியது என் ஏற்பாடு. மாமா தாவி அந்தக் கொக்கிச் சட்டத்தின் மேல் உட்கார்ந்தார். டிரெய்லர் மட்டமாயிற்று. "நீ பொறகால போய்க் கயிறு கட்டு, நான் இத அமுத்திட்டு உக்காந்திருக்கறேன்" என்றார். சாமான்களின் மேல் ஏறி நான் பின்பக்கம் போனேன். கட்டிய கயிறு முதல் இழுப்பிலேயே அறுந்தது.

மணி பத்தைத் தாண்டியிருந்தது. ஆசாரியை டிரெய்லர் மேல் ஏற்றி அந்தப் பக்கம் இறக்கி, கோயிலுக்கு நடத்திக் கூட்டிப் போகலாம் என்று பார்த்தார்கள். அவருக்கு மூட்டுவலி. ஒரு காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "முடியாதுங்க சாமி" என்று இறக்கி வைத்துவிட்டார். வண்டித்தடம் வரைக்கும் டிராக்டரைப் பின்னால் எடுக்கவும் வழியில்லை, அதற்கும் டிரெய்லர் மாட்டியிருந்தது. (இதை நான் அப்போது சொல்லிக் காட்டியிருக்க வேண்டாம்.)

அப்போதுதான் மறுபக்கம் அக்காவின் குரல் கேட்டது. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் அவள் மாமியார், விபூதித் தட்டோடு. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சமையலறையில் அவள் சொன்னது எனக்கு முழுதாகக் காதில் விழுந்தது. அண்டா வந்துவிட்டது. மடிதான் வரவில்லை. எங்காவது முள்வேலிக்குள் புகுந்துகொள்ளலாமா என்று இருந்தது. அத்தை என்னைப் பார்த்தார், டிரெய்லரைப் பார்த்தார், அதன் தாமரையைப் பார்த்தார். இரண்டு வருடமாக யாரும் சொல்லாத சொல் இப்போது வரப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆசாரி அக்கட்டயா இருக்கறாரு?" என்றார் அத்தை.

"ஆமாங்க."

"தாய்மாமனும் அக்கட்டதான?"

"ஆமாங்க அத்தை."

"அப்பறம் என்னத்துக்கு நிக்கறோம். வேலி தாண்டுனாக் கோயில் பூமிதான். ஆத்தா இங்கயும் இருக்கறா." சொல்லிவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டிரெய்லரில் ஏறினார். அறுபது வயதில் அண்டாவைப் பிடித்துக்கொண்டு அவர் தாண்டிய வேகத்தை டிராக்டரே வாய் பார்த்தது. அக்காவும் பாப்பாவோடு பின்னால் வந்தாள்.

பின்கதவைச் சாய்த்து மட்டமாக நிறுத்தினோம். அதன் மேல் கால்களைத் தொங்கப்போட்டுக்கொண்டு நான் உட்கார, பாப்பாவை என் மடியில் வைத்தாள் அக்கா. ஒரு பக்கம் அத்தை, ஒரு பக்கம் அக்கா. எங்களுக்குக் கீழே, கதவின் அடிப்பக்கம் 'நாம் இருவர் நமக்கு இருவர்'. எதிரே டிராக்டரில் சொந்தபந்தம் எல்லாம் படம் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது. ஆசாரி தரையில் நின்றார். குப்பண்ணன் உயரத்தைக் கூட்டியிருந்ததால் பாப்பாவின் காது அவர் கண்ணுக்கு நேராக இருந்தது. "இத்தன வாகா எந்தக் கோயில்லயும் எனக்கு அமைஞ்சதில்லீங்க" என்றார் அவர். அன்றைக்கு என் டிரெய்லரைப் பாராட்டியது அவர் ஒருவர்தான். அதுவும் கொஞ்ச நேரத்துக்கு.

வலது காது ஒரே குத்து. தங்கக் கம்பி ஏறிவிட்டது. பாப்பா மூச்சைப் பிடித்து, ஒரு நொடி யோசித்துவிட்டு வீறிட்டாள். அத்தை வெல்லத்தை வாயில் வைத்தார். பாப்பா அதையும் துப்பிவிட்டு அழுதாள். என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அவள் அழுததில் எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது.

டிரெய்லரின் அந்தக் கோடியில் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருந்த மாமாவுக்கு எதுவும் கண்ணில் படவில்லை. அண்டாக்களும் பலகையும் மறைத்தன. மகள் அழுகிற சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது. "என்றா ஆச்சு என்ற சாமிக்கு" என்று குரல் கொடுத்தார். ஆசாரி இடது காதில் ஊசியை வைத்தார். பாப்பா முன்னைவிடப் பெரிதாக ஒரு சத்தம் போட்டாள். பெற்ற மனசு கேட்கவில்லை. மாமா எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்.

அவர் எழுந்ததும் கொக்கி வானத்தைப் பார்த்தது. நாங்கள் நான்கு பேரும் அண்டாக்களும் கீழே இறங்கினோம். பாப்பாவின் காதும் எங்களோடு இறங்கியது. தரையில் நின்ற ஆசாரியின் ஊசி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அதே சமயம் நான் பார்த்துப் பார்த்து வைத்த இழுப்பறைகள் ஒன்று விடாமல் திறந்துகொண்டு, கரண்டி, சாரணி, தட்டு, டம்ளர் எல்லாம் எங்கள் முதுகு வழியாகக் கொட்டின. தண்ணீர்த் தொட்டியும் சும்மா இருக்கவில்லை.

சத்தம் அடங்க நேரமாயிற்று. கடைசித் தட்டு சுற்றிச் சுற்றி நின்றது. பாப்பா அழுகையை நிறுத்திவிட்டு அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கைதட்டிச் சிரித்தாள்.

"குத்தியாச்சுங்க" என்றார் ஆசாரி. முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். "எங்கன்னு மட்டும் இப்பக் கேக்காதீங்க."

அத்தை தலையில் இருந்த கரண்டியை எடுத்துக் கீழே வைத்தார். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். "மேளக்காரனுக்குச் சொல்லி வல்லீன்னு வெசனப்பட்டுட்டு இருந்தேன்" என்றார். "தாய்மாமன் அதையும் கையோட கொண்டாந்துட்டாப்டி." டிராக்டர் முழுக்கச் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. பாப்பாவின் காதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள், பார்த்துவிட்டு ஈரக் கையால் என் தலையில் ஒரு கொட்டு வைத்தாள். "மடி வந்துருச்சு, போடா" என்றாள். அவள் என்னைக் கொட்டியதற்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அண்டாக்கள் ஆள் தோளில் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தன. சாப்பாடு சாயங்காலம்தான் ஆயிற்று, ஆனாலும் எல்லோரும் திட்டிக்கொண்டே நன்றாகச் சாப்பிட்டார்கள். மறுநாள் குப்பண்ணனின் ஆட்கள் வந்து பலகையைப் பிரித்துத்தான் டிரெய்லரை வெளியே எடுத்தார்கள். குப்பண்ணனும் வந்திருந்தார். "நம்ம பாடி பாத்தீங்களா, ஒரு கீறல் இல்ல. வேலிக்கல்லுதான் ஒடஞ்சிருக்குது" என்று என் தோளில் தட்டினார்.

சக்கரத்தைக் கழற்றி அதை எங்கள் தோட்டத்தில் இறக்கினோம். அப்பா சொன்னபடியே கோழி அடைத்தார். நாமக்கல் வட்டாரத்திலேயே அவ்வளவு கெட்டியான கோழிக்கூடு கிடையாது. எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கையில், 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்ற பலகைக்குப் பின்னால் இருந்து நாற்பது கோழிகள் எட்டிப் பார்த்தன.

பாப்பாவின் இடது காது ஓட்டை வலதைவிட ஒரு நெல் அளவு மேலே இருக்கிறது. தூர்ந்துபோக விட்டு மறுபடி குத்தலாம் என்று ஆசாரி சொன்னார், ஒருமுறை அழுதது போதும் என்று அக்கா விட்டுவிட்டாள். தப்பு யாருடையது என்று எனக்கும் மாமாவுக்கும் வழக்கு இன்னும் முடியவில்லை. அவர் எழுந்திருக்காவிட்டால் சாய்ந்திருக்காது என்பது என் கட்சி. குழந்தை அழும்போது உட்கார்ந்திருக்கிறவன் அப்பனே இல்லை என்பது அவர் கட்சி. ஒவ்வொரு பொங்கலுக்கும் இதைப் பேசி, ஒவ்வொரு பொங்கலுக்கும் நான்தான் தோற்கிறேன்.

பாப்பாவுக்குக் கல்யாணம் ஆனது. மணமேடையில் தாய்மாமனாக நான் பக்கத்தில் நின்றேன். போட்டோ எடுக்க வந்தவர் ரொம்ப நேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கேமராவைச் சாய்த்தார், நிமிர்த்தினார். கடைசியில் அவரால் பொறுக்க முடியவில்லை.

"தலையைக் கொஞ்சம் நேரா வையுங்கம்மா. தோடு ஏற எறக்கமாத் தெரியுது."

"தலை நேராத்தானுங்க இருக்குது" என்றாள் அவள், என் கையைப் பிடித்துக்கொண்டு. "எங்க மாமன் வண்டிதான் சாஞ்சிருச்சு."